ஆறாவது தாங்கி

காலை ஏழு இருபதுக்குத் தம்பி மனைவி போன் செய்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரையோடு "ம்" என்றேன்.

"அண்ணி, சாயங்காலம் பாப்பாவை ஸ்கூல்லேருந்து நீங்க கூட்டிட்டு வந்துடுறீங்களா? இவர் வர லேட்டாகுமாம். காகித ஆலை சிம்னிக்குப் போயிருக்காரு."

"காகித ஆலையா? அது வேற டீம்தானே ஏறணும்?"

"அதுல ரெண்டு பேருக்குக் காய்ச்சலாம். நேத்து சாயங்காலம்தான் இவருக்குச் சொன்னாங்க. ஒன்பது மணிக்கு ஏறணும்னு இட்லிகூடச் சாப்பிடாம ஓடிட்டாரு."

நுரையை விழுங்கிவிட்டேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் ஏன் விழுங்கினேன் என்பது புரியும். எங்கள் அலுவலகம் உயரமானவற்றைச் சோதிக்கிறது. சிம்னி, தண்ணீர்த் தொட்டி, டவர், இப்படி. அவற்றுக்கு வண்ணம் அடிக்கவோ பழுது பார்க்கவோ ஆள் ஏறுவதற்கு முன், நான் கீழே நின்று நீளமான ஜூம் லென்ஸ் போட்டு மேலே உள்ள ஒவ்வொரு இரும்புத் தாங்கியையும் தனித்தனியாகப் படம் எடுப்பேன். எங்கள் பொறியாளர் அதைத் திரையில் பெரிதாக்கி, விரிசல் இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பிறகு 'ஏறலாம்' என்று கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் கயிற்று ஆட்கள் ஏறுகிறார்கள். அவர்களில் ஒருவன் என் தம்பி. சுவரில் ஒட்டிக்கொண்டே வேலை செய்வதால் அவனுக்குப் பல்லி என்று பெயர். முப்பத்தாறு வயது ஆகிறது, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கிறாள், இன்னும் பல்லிதான்.

காகித ஆலை சிம்னியை நான் எட்டு நாள் முன்பு எடுத்தேன். உச்சியில் ஒரு வளைய மேடை. அதை எட்டுத் தாங்கிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கயிற்றை அந்தத் தாங்கிகளில்தான் கட்டுவார்கள். ஏழு தாங்கிகள் படத்தில் பளிச்சென்று விழுந்தன. ஆறாவது மட்டும் கொதிகலன் கூடத்தின் பக்கம் இருந்தது. அதன் தகரக் கூரைக்கு மேலாகப் பார்த்தால்தான் லென்ஸுக்கு அகப்படும். நான் போனது உச்சி வெயிலில். சூடான தகரத்துக்கு மேலே காற்று ஆடிக்கொண்டே இருக்கும். அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ் தூரத்துத் தாங்கியை மட்டுமா கிட்டே கொண்டுவரும், அந்த ஆட்டத்தையும் சேர்த்துத்தான் கொண்டுவரும். அப்படிப்பட்ட இடத்தை விடியற்காலையில், தகரம் காய்வதற்கு முன் எடுக்கவேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதையே வாய் வலிக்கச் சொல்லிக்கொடுப்பவள் நான்தான். ஆனால் அன்று இரண்டு மணிக்குப் பல் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தேன். கேமராவின் முதுகிலுள்ள குட்டித் திரையில் பார்த்தேன், நன்றாகத்தான் தெரிந்தது. அந்தத் திரையில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அலுவலகத்தில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் ஆறாவது தாங்கி ஈரக் கண்ணாடி வழியாகப் பார்த்ததுபோல் இருந்தது. போல்ட் ஓட்டையிலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு. துரு வழிந்த தடமா, நிழலா, விரிசலா, சொல்ல முடியவில்லை. மறுநாள் காலை போய் இன்னொரு தடவை எடுத்திருக்கவேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கணினியில் கூர்மை கூட்டும் ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளினேன். ஓரங்கள் விறைத்துக்கொண்டு நின்றன. புள்ளிப்புள்ளியாக வந்த பிசிறையும் வழித்துவிட்டேன். அந்தக் கோடு இரண்டு மூன்று துண்டாகி, பிறகு இரும்போடு இரும்பாகக் கலந்துபோனது. பார்க்க அவ்வளவு சுத்தமான படம். பொறியாளர் பார்த்துவிட்டு, "உங்க படம்னா கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடலாம்மா" என்றார். போட்டும் விட்டார்.

வாயைக்கூடக் கொப்பளிக்காமல் லேப்டாப்பைத் திறந்தேன். நான் கை வைக்காத அசல் படம் அதில் இருந்தது. கோடும் அங்கேயே இருந்தது. எட்டு நாளாக அது எங்கேயும் போகவில்லை.

தம்பிக்கு அடித்தேன். ரிங் போனது, எடுக்கவில்லை. பைக் ஓட்டிக்கொண்டிருப்பான். மறுபடி அடித்தபோது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஏறும் நாளில் ஏறுகிறவர்களின் போனையெல்லாம் அணைத்து, மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிடுவார்கள். மேலேயிருந்து போன் விழுந்தால் கீழே நிற்பவன் மண்டை பிளக்கும் என்பது அவர்கள் விதி.

பொறியாளருக்கு ஏன் அடிக்கவில்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள். நானும் இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பதினோரு வருடமாக 'உங்க படம்னா' என்று சொல்லிக்கொண்டிருப்பவரிடம், நான் பூசி மெழுகிக் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? என் கணக்கு இதுதான். எட்டரைக்குள் போய்விட்டால் தகரம் காய்ந்திருக்காது. சிம்னிக்கு வேலை நடப்பதால் கொதிகலனையும் நிறுத்தியிருப்பார்கள். ஒரே ஒரு கூர்மையான படம் போதும். விரிசல் இல்லையென்றால் யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம். இருந்தால் கத்தி நிறுத்திவிடலாம். திருட்டுப் புத்தி எவ்வளவு அழகாகத் திட்டம் போடுகிறது பாருங்கள்.

ஸ்கூட்டரில் கேமராப் பையும் லேப்டாப்பும் ட்ரைபாடுமாக நான் போய்ச் சேர்ந்தபோது எட்டு முப்பத்தைந்து. வழியில் இரண்டு சிக்னல்களையும் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன்.

தம்பி இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முன்பற்களுக்கு நடுவே இருக்கும் அந்தச் சந்து தெரியச் சிரித்தான்.

"என்னக்கா, சட்டையில பேஸ்ட் ஒழுகியிருக்கு."

"ஒரு படம் பாக்கி இருக்குடா. எடுத்துட்டுப் போயிடறேன்."

"அப்படியே என்னையும் ஒண்ணு எடு. பிஸ்கட் ஃபேக்டரில எடுத்தது பழசாயிடுச்சு. அதுல தொப்பை இல்ல, இப்ப வந்தாச்சு. உலகத்துக்கு உண்மை தெரியணும்ல."

பிஸ்கட் தொழிற்சாலைப் படம் என்பது எங்கள் குடும்பத்தின் பொக்கிஷம். இரண்டு வருடம் முன்பு அந்தச் சிம்னி உச்சியில் அவன் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கீழே நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தபோது எடுத்தது. நாற்பது மீட்டர் உயரம், பல்சந்து வரை தெளிவு. பெரிதாக அச்சடித்து அவன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் எல்லாம் "எங்கக்கா எடுத்தது" என்பான். அவனுக்கு அதில் பெருமை, எனக்கு அதைவிடப் பெருமை.

"ஏறுறது எத்தனை மணிக்கு?" என்றேன்.

"ஒன்பதுக்கு. மேஸ்திரி கடிகாரம் மாதிரி ஆளு, தெரியும்ல."

அவனிடம் சொல்லியிருக்கலாம். மூன்றடி தூரத்தில் நின்றான். இதோ எடுத்துவிடுவேன், எடுத்துவிட்டால் சொல்லத் தேவையே இருக்காது என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

கொதிகலன் கூடத்துக்கு எதிரே ஓர் இரும்பு நடைபாலம் இருக்கிறது. அதன்மேல் நின்றால் ஆறாவது தாங்கி நேராகத் தெரியும். ட்ரைபாடை விரித்தேன். ஜூமை அறுநூறு வரை இழுத்தேன். தாங்கி சட்டத்துக்குள் வந்தது, ஆனால் நடுங்கியது. எடுத்தேன், பெரிதாக்கிப் பார்த்தேன். மங்கல். நடைபாலத்தில் யாரோ ஒருவர் தேநீர்க் குவளைகளோடு நடந்துபோனார். அவர் வைத்த ஒவ்வொரு அடியும் லென்ஸில் தெரிந்தது.

அவர் போகும்வரை காத்திருந்து மறுபடி எடுத்தேன். மங்கல். அப்புறம்தான் உறைத்தது, லென்ஸின் ஸ்டெபிலைசரை அணைக்கவில்லை. கையில் பிடித்து எடுக்கும்போது நடுக்கத்தைச் சரிசெய்யத்தான் அது. ஆடாத ட்ரைபாடில் வைத்தால், இல்லாத நடுக்கத்தைத் தேடித் தானே ஆட ஆரம்பித்துவிடும். முதல் நாள் பாடம் இது. அணைத்தேன். விரல் பட்டால் ஆடுமே என்று இரண்டு விநாடி டைமர் போட்டேன். ஷட்டர் வேகத்தை ஆயிரத்துக்கு ஏற்றினேன். முழு ஜூமில் ஓரம் கரையும் என்பதால் ஜூமை ஐந்நூறுக்கு இறக்கினேன். ஜூமை மாற்றினால் ஃபோகஸும் நகர்ந்துவிடும், அதை மறுபடி கையால் சரிசெய்யவேண்டும். நான் செய்தேனா? மறந்துவிட்டேன். மூன்று படம், மூன்றும் தண்டம்.

எட்டு ஐம்பத்திரண்டு. கூரையின் ஓரத்தில் வெயில் விழத் தொடங்கியிருந்தது.

திரையில் தாங்கியைப் பத்து மடங்கு பெரிதாக்கி, ஃபோகஸ் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். போல்ட் தெளிந்தது. கோடு தெளியப் பார்த்தது. அப்போது பாலத்துக்குக் கீழே ஏதோ ஓர் இயந்திரம் உறுமி ஓட ஆரம்பித்தது. பாலம் முழுவதும் அதிர்ந்தது. திரையில் போல்ட் இரண்டாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். திரைக்கு அப்பால், சிம்னி ஏணியின் அடியில் ஒரு மஞ்சள் நிறம் ஏறியது. ஹெல்மெட். மணி ஒன்பதாகியிருக்கவில்லை. கடிகாரம் மாதிரி ஆள் அன்றைக்கென்று ஐந்து நிமிடம் முன்னாலேயே ஏற்றிவிட்டார்.

லென்ஸை அப்படியே விட்டுவிட்டுப் படிகளில் ஓடினேன். ஒரு செருப்பு பாலத்திலேயே தங்கிவிட்டது. மேஸ்திரி சிம்னி அடியில் அண்ணாந்து நின்றிருந்தார்.

"இறக்குங்க. அவனை இறக்குங்க."

"ஏன், போட்டோக்காரம்மா? என்னாச்சு?"

"ஆறாவது தாங்கி படம் சரியில்ல."

அவர் சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து, விரித்து, பொறுமையாகக் காட்டினார். "சார் கையெழுத்துப் போட்டிருக்காரே. எட்டும் சரின்னு இருக்கு. பாருங்க."

தம்பி ஏணியில் பாதிக்குப் போய்விட்டான். உச்சிக்குப் போனதும் அவன் முதலில் கயிறு கட்டுவது எந்தத் தாங்கியில் என்று எனக்குத் தெரியாது. எட்டில் ஒன்று.

"படத்துல கோடு இருந்துச்சு," என்றேன். "விரிசலா என்னன்னு தெரியல. நான்தான் கம்ப்யூட்டர்ல அழிச்சேன். சாருக்குத் தெரியாது. நான் ஏமாத்திட்டேன். போதுமா? இறக்குங்க அவனை."

மேஸ்திரி விசிலை வாயில் வைத்து மூன்று முறை ஊதினார். மூன்று ஊதினால் இறங்கு என்று அர்த்தம். மஞ்சள் ஹெல்மெட் நின்றது. கீழே பார்த்தது. எனக்கு அந்த நேரம் ஒரு நாள் நீளம் இருந்தது. பிறகு இறங்க ஆரம்பித்தது.

கீழே வந்தவன் மேஸ்திரி சொன்னதைக் கேட்டான். என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, இப்ப ஒழுங்கா எடு" என்று மட்டும் சொன்னான்.

மேஸ்திரியின் போனிலிருந்து பொறியாளருக்குத் தகவல் போனது. அவர் வருவதற்குள் நான் நடைபாலத்தை விட்டு இறங்கினேன். அதற்குப் பின்னால், தூரம் அதிகமானாலும், சிமெண்டுத் தரை இருந்தது. ட்ரைபாடின் நடுத்தண்டை ஏற்றாமல் கால்களைத் தாழ்வாக விரித்து, அடியில் கேமராப் பையைத் தொங்கவிட்டேன். பாரம் இருந்தால் அசையாது. தம்பி தன் உடம்பை வைத்துக் காற்றை மறைத்துக்கொண்டு நின்றான். கூரையின் நிழல் பகுதிக்கு மேலாகப் பார்வை போகும்படி இரண்டடி நகர்ந்தேன். ஃபோகஸ் வைத்துவிட்டு ஜூமைத் தொடவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு பன்னிரண்டு படம் எடுத்தேன். அதிசயம், கை நடுங்கவில்லை. மறைக்க ஒன்றும் பாக்கி இல்லாத கை அல்லவா.

பொறியாளர் வந்ததும் நிழலில் ஒரு பீப்பாய்மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தோம். ஏழாவது படம் கத்திபோல் இருந்தது. போல்ட்டின் மரை தெரிந்தது. பழைய வண்ணம் உரிந்த இடம் தெரிந்தது. கறுப்புக் கோடு என்பது துருத் தண்ணீர் வழிந்து காய்ந்த தடம், அவ்வளவுதான். பொறியாளர் மேலும் கீழும் நான்கு தடவை நகர்த்திப் பார்த்தார். இரும்பில் கீறல்கூட இல்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

மேஸ்திரி பெருமூச்சு விட்டார். தம்பி என் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். "இதுக்கா ஒத்தச் செருப்போட ஓடிவந்த? எனக்கு ஏணி ஏறுன கூலியைத் தனியா குடு" என்றான். நான் சிரித்தேன். அழுதுகொண்டே சிரித்தேன். வேலை போனால் போகட்டும் என்று அந்த நிமிடம் நிஜமாகவே தோன்றியது.

பொறியாளர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"இது ஒண்ணுதானாம்மா?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"எனக்குத் தெரிஞ்சாகணும். இந்த மாதிரி கூர்மை ஏத்திக் குடுத்தது வேற எதெல்லாம்? நான் எத்தனை கையெழுத்துப் போட்டிருக்கேன்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். தம்பி பக்கத்தில் நின்றான். மேஸ்திரியின் படிவத்தைத் திருப்பி, அதன் முதுகில் எழுத ஆரம்பித்தேன். பால் பண்ணைத் தண்ணீர்த் தொட்டி, ஒரு தாங்கி. ரயில் நிலைய விளக்குக் கோபுரம், இரண்டு. மூன்றாவதை எழுதும்போது பேனா நின்றது. தம்பி என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துக்கொண்டிருந்தான். பிஸ்கட் தொழிற்சாலைச் சிம்னி, மூன்றாவது தாங்கி.

"அக்கா," என்றான். "அதுலதானே நான் ஏறினேன்?"

"ஆமா."

"நீ கீழ நின்னு கையாட்டினே."

அன்று மேகம் போட்டிருந்தது. ஷட்டர் வேகம் போதாமல் மூன்றாவது தாங்கி லேசாகக் கலங்கிவிட்டது. ஒன்றும் இருக்காது என்று ஸ்லைடரைத் தள்ளினேன். நான்கு நாள் கழித்து அவன் ஏறினான். அன்று நல்ல வெயில், அவனை எடுத்தேன், அற்புதமாக வந்தது. ஒன்றும் ஆகவில்லையே என்று அதோடு மறந்தும் போனேன்.

"அந்தப் படம் எங்க?" என்றார் பொறியாளர். "இவரை எடுத்தது. அசல் இருக்கா?"

இருந்தது. இந்த லேப்டாப்பில் எது இல்லாவிட்டாலும் அது இருக்கும். திறந்தேன். தம்பி சிரித்தான், பல்சந்து, ஹெல்மெட் வார், நெற்றியில் ஒரு துளி வியர்வை. இரண்டு வருடமாக நான் இதை நூறு தடவை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். பொறியாளர் விரலை வைத்துப் படத்தை மெதுவாக மேலே தள்ளினார். மார்பு, இடுப்புப் பட்டை, முழங்கால், ஊன்றிய இடது பூட்ஸ். பூட்ஸுக்கு நேர் கீழே '3' என்று வெள்ளை வண்ணத்தில் எழுதிய தாங்கி.

போல்ட் ஓட்டையிலிருந்து விளிம்பு வரை, முறிந்த பல்லைப்போல் வாய் பிளந்து, ஒரு விரிசல் ஓடியது. துருத்தடம் என்று யாரும் சொல்ல முடியாது. நான் என் வாழ்நாளில் எடுத்ததிலேயே கூர்மையான படம் அது.

பொறியாளர் ஒதுங்கிப் போய் பிஸ்கட் தொழிற்சாலைக்குப் போன் போட்டார். "யாரையும் மேல விடாதீங்க. நான் வர்ற வரைக்கும் யாரையும் விடாதீங்க" என்று சொல்வது கேட்டது.

தம்பி இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒரு நொடியில் கழற்றுகிறவன். இப்போது விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. நான் உதவப் போனேன். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தான்.

கொக்கியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"தினமும் காலையில பாப்பா ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் படத்தைத் துடைக்கிறாக்கா. அப்பா கால்ல தூசின்னு சொல்லி, அந்த இடத்தைத்தான் அழுத்தித் துடைப்பா."